பிரிட்டனில் படித்த ஓராண்டு இங்கே அரியர் ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைக் கல்லூரிகள் பிரிட்டன் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ளும் செய்திகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றை நம்பித் தங்கள் பிள்ளைகளை ஓராண்டு வருகை மாணவராக அனுப்பும் பெற்றோர், பிள்ளை திரும்பி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். இதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவர்களின் கண்ணிலும் இது பட வேண்டும். அதற்காகவே இக்கடிதம்.

வருகை மாணவர் அங்கே பட்டம் வாங்கப் போவதில்லை. பட்டம் இங்கேதான், இடையில் ஓராண்டு மட்டும் அங்குள்ள மாணவர்களோடு அமர்ந்து, அவர்கள் எழுதும் அதே கட்டுரைகளையும் தேர்வுகளையும் எழுதி, அந்த மதிப்பெண்களோடு ஊர் திரும்ப வேண்டும். என் மகள் சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வரலாற்றில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை படிக்கிறாள். மூன்றாம் ஆண்டை வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கடந்த ஜூன் மாதம் வந்தாள். காசநோய் இல்லை என்று காட்ட மார்பு எக்ஸ்ரே, தேவையான பணம் 28 நாள் வங்கியில் இருந்ததற்கான சான்று, விசா கட்டணம், அதற்கு மேல் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம், தங்குமிட முன்பணம் என்று வந்த செலவுகளை என் பி.எஃப். பணத்தைக் கொண்டுதான் சமாளித்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அவளுக்குக் கிடைத்த படிப்பு அப்படிப்பட்டது.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலில் போகிற எல்லாரும் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்ததும், அது உயிரைக் காக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கோர்னிஷ் எதிர்த்து எழுதியதும் வரலாற்றில் பதிவானவை. அக்காலத்து அரசு நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டனுக்கு அனுப்பப்பட்ட படிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கின்றன. இதைப் பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரைக்கு 58 மதிப்பெண்ணும் ஒன்றரைப் பக்கக் குறிப்பும் வந்தன. "கோர்னிஷ் சொன்னதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். அவர் யாருக்கு எழுதினார், எந்த மாதத்தில் எழுதினார், அதற்கு என்ன பதில் வந்தது என்று நீ கேட்கவில்லை" என்பது அதன் சாரம். பிறகு பேருந்தில் லண்டன் போய், கட்டணமில்லாத வாசகர் அட்டை எடுத்து, அந்தப் பதில்களைத் தேடிப் படித்து எழுதிய இறுதிக் கட்டுரைக்கு 68 கிடைத்தது. விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒருவர் போட்ட மதிப்பெண்ணை இன்னொருவர் சரிபார்க்கிறார், அதற்கு மேல் வெளித் தேர்வாளரும் இருக்கிறார். இங்கே வகுப்பில் எப்போதும் முதல் மூன்று இடத்தில் இருந்த என் மகள், ஒரு சான்றை எப்படி விசாரிப்பது என்பதை அந்த ஆண்டில்தான் கற்றுக்கொண்டாள் என்பதைத் தந்தையாக நான் கண்கூடாகப் பார்த்தேன்.

அந்த 68ஐ எடுத்துக்கொண்டு கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்குப் போனோம். "அறுபத்தெட்டுதானாம்மா? இங்க எண்பத்தஞ்சுக்குக் கொறையாம வாங்கிட்டு இருந்தியே!" என்றார் அங்கிருந்தவர். பிரிட்டனில் 70க்கு மேல் வாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, 40 தேர்ச்சி. 80ஐத் தொடுவது அபூர்வம். அங்குள்ள பல முதுகலைப் படிப்புகளும் வேலை தருபவர்களும் கேட்பது அந்த 60தான். இவ்வளவையும் விளக்கும் தாள் மதிப்பெண் சான்றுடனே இணைக்கப்பட்டிருந்தது. ஆயினும் 68 என்பது இங்கத்திய 68 ஆகவே ஏற்றப்பட்டு, அவளுடைய மொத்த சராசரி சரிந்தது. வெளிநாட்டுக்கே போகாமல் இங்கேயே இருந்திருந்தால் அவளுக்கு மதிப்பெண் கூடியிருக்கும் என்ற நிலை எவ்வளவு அநியாயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய அடி தாள்களின் எண்ணிக்கையில் விழுந்தது. "ஆறு தாள்தானே சார் முடிச்சிருக்காங்க, நம்ம சிலபஸ்ல பதினொண்ணு இருக்கே" என்றார்கள். மீதி ஐந்து தாள்களை அரியராக எழுத வேண்டுமாம். வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அங்கே வகுப்பு குறைவு, வாசிப்பு அதிகம்; ஒவ்வொரு வாரமும் படித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டிய பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்கும். வகுப்பறையில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் படிப்பாகக் கணக்கிட்டால் அந்த உழைப்பு முழுவதும் காணாமல் போய்விடும். தேர்ச்சி பெற்ற ஓராண்டைப் படிக்காத ஆண்டாகக் கருதி, மதிப்பெண் பட்டியலில் அரியர் என்று ஏற்றுவதால், பதக்கத்துக்கும் ரேங்க்குக்கும் அவள் தகுதி இழக்கிறாள். அரியர் வரலாறே இருக்கக் கூடாது என்று கேட்கும் வளாக நேர்முகத் தேர்வுகளும் உண்டு.

இத்தனைக்கும் கணக்கு மிக எளிமையானது. படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகுதான் கிரெடிட். பிரிட்டனில் முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரக் கற்றல் என்று வைத்து, மொத்தம் 1,200 மணி நேரம். புதிய கல்விக் கொள்கையையொட்டி 2023இல் வெளியான நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பும் ஓராண்டுக்கு 1,200 மணி நேரம் என்றே சொல்லி, அதை 40 கிரெடிட்டாகக் கொள்கிறது. ஆக, அங்கத்திய மூன்று கிரெடிட் இங்கே ஒன்று. அங்கே ஓராண்டு இங்கே ஓராண்டு. அந்தக் கொள்கையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் எவராக இருந்தாலும் இந்த வகுத்தலில் கருத்து வேறுபாடு வர இடமில்லை. மேலும், 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, அங்கே ஓராண்டில் முடிக்கும் முதுகலைப் பட்டம் இங்கே முதுகலையாகவே ஏற்கப்படுகிறது. ஓராண்டில் ஒரு முழுப் பட்டத்தை ஏற்கிற நாம், அதே நாட்டில் படித்த ஓராண்டை ஓராண்டாக ஏற்க மறுப்பது எந்த வகையில் பொருந்தும்?

கல்லூரியின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எளிதான பாடங்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, முக்கியமான தாள்களைத் தவிர்த்துவிடும் மாணவரும் இருக்கலாம். அதற்கு ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கிய பின் வழக்கமாகிவிட்ட ஒரு முறை இருக்கிறது. மாணவர் புறப்படும் முன்பே, எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்று எழுதி, மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். இங்கே பாடத்திட்டக் குழு ஒரு கூட்டத்தில் முடித்துத் தரக்கூடிய வேலை அது. எங்கள் வீட்டில் புறப்படும்போது கேட்டோம். "வந்த பிறகு பார்த்துக்கலாம் சார்" என்ற வாய்மொழி உறுதிதான் கிடைத்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒரு பெருமையான முன்னுதாரணம் உண்டு. பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாத, பட்டமே இல்லாத கணித மேதை ராமானுஜனுக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது அப்பல்கலைக்கழகம். மறு ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் செல்ல ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கியதும் அதுவே. விதியில் இடமில்லாதபோதும் மாணவருக்காக வழி கண்டார்கள். இன்று விதி வகுக்கவே கேட்கிறோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முனைவர் பட்ட ஆய்வாளர் இங்கே பதிவு செய்தபடியே பிரிட்டனில் ஓராண்டு வரை ஆய்வு செய்யக் காமன்வெல்த் உதவித்தொகையில் வழி இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கத் தமிழக அரசும் உதவுகிறது. அந்த உதவியை இடையில் ஓராண்டு செல்லும் மாணவருக்கும் விரித்தால், பி.எஃப். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் போய் வர முடியும்.

மாதிரிப் பாடத்திட்டம் வகுத்துத் தந்த தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றமே, கிரெடிட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் ஒரே மாற்று அட்டவணையை எல்லாக் கல்லூரிகளுக்கும் வெளியிட வேண்டும். மதிப்பெண்ணை மாற்றத் தயங்கும் கல்லூரிகள், கிரெடிட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு சராசரியை இங்கே படித்த பருவங்களிலிருந்து கணக்கிடலாம் என்றாவது அதில் இடம் தர வேண்டும். வரும் செப்டம்பரில் புறப்படவிருக்கும் மாணவர்கள் ஏற்கெனவே விண்ணப்ப வேலைகளைத் தொடங்கிவிட்டார்கள். இந்த அட்டவணை ஜூன் மாதத்துக்குள் வந்தால்தான் அவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
பெரம்பூர், சென்னை - 11.