நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், நொய்யலில் தண்ணீர் செந்நிறமாக ஓடும் படம் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தில், தண்ணீர் தெளிந்துவிட்டது, மக்கள் நிம்மதி அடைந்தார்கள் என்று ஒரு சின்னச் செய்தி. முதல் செய்தியைப் போட்டதற்கு நன்றி. இந்தக் கடிதம் இரண்டாவது செய்தியைப் பற்றியது.

நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் உதவியாளாகச் சேர்ந்து, டையிங் மாஸ்டராக, அதாவது சாயம் போடும் வேலைக்குப் பொறுப்பாளராக, ஓய்வு பெற்றவன். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து அதன் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. என் தொழிலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். வெளியே சொல்கிறவர்கள்தான் குறைவு. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

பனியன் துணிக்கு இன்று போடுகிற சாயத்தில் பெரும்பகுதி ரியாக்டிவ் சாயம். 1954ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 1956ல் விற்பனைக்கு வந்தது. பெர்கின் என்ற இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைச் செய்தது 1856ல், ஆக சரியாக நூறு வருடம் கழித்து. அதுவரை பருத்திக்குப் போட்ட டைரக்ட் சாயங்கள் நூலின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். சுடுதண்ணீரில் நனைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். ரியாக்டிவ் சாயம் பருத்தியின் செல்லுலோஸ் மூலக்கூறோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. வருடக்கணக்கில் துவைத்த கறுப்பு பனியன் இன்னும் கறுப்பாக இருக்கிறது என்றால் காரணம் அதுதான். திருப்பூர் ஏற்றுமதி ஊராக வளர்ந்ததில் இந்தச் சாயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

சிக்கல் எங்கே என்றால், சாயம் தண்ணீரில் கரைய வேண்டும் என்பதற்காக அதன் மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகளை வைத்திருப்பார்கள். கரைந்ததும் அவை எதிர்மின்சுமையோடு, அதாவது நெகடிவாக இருக்கும். பருத்தியும் தண்ணீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பில் லேசான எதிர்மின்சுமை வந்துவிடும். இரண்டும் நெகடிவ் என்றால் ஒன்றையொன்று தள்ளும். சாயம் பாட்டுக்குத் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும், துணிப்பக்கம் போகாது. அங்கேதான் உப்பு வருகிறது. சோடியம் அயனிகள் துணியின் மின்சுமையை மறைக்க, சாயம் துணிக்குள் இறங்குகிறது. லைட் ஷேடு என்றால் லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். நேவி, மெரூன், கறுப்பு என்று போனால் 80 கிராம் வரை போடுவோம். அப்புறம் 60 டிகிரியில் சோடா ஆஷ், அதாவது சலவைச் சோடா, விட்டு காரத்தை ஏற்றினால் பிணைப்பு நடக்கும்.

உப்பு இங்கே கல்யாணத் தரகர் மாதிரி. இரு வீட்டையும் சேர்த்து வைக்கும், ஆனால் அந்தக் குடும்பத்தில் தங்காது. போட்ட உப்பில் ஒரு கிராம்கூட துணியில் நிற்பதில்லை, அத்தனையும் கழிவுநீரோடு போய்விடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 கிலோ துணிக்குக் கறுப்பு போடுகிறோம். நல்ல சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் கிலோவுக்கு 6 லிட்டர் என்று 600 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 80 கிராம் என்றால் 48 கிலோ உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 100 கிராம் உப்பு! துணியை உருளையில் சுற்றிச் சுற்றி முக்கி எடுக்கும் பழைய விஞ்ச் மெஷினில் தண்ணீர் இன்னும் அதிகம், அதற்கேற்ப உப்பும் அதிகம். சாயம் போட்ட பிறகு அலசல், காரத்தை அமிலம் விட்டுத் தணிக்கும் நியூட்ரல், சோப்புநீரில் கழுவும் சோப்பிங், மறுபடி அலசல் எல்லாம் சேர்த்து மொத்தம் 5,000 லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 48 கிலோவை 5,000 லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 9,600 மில்லிகிராம். கரைந்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100 மில்லிகிராம். சோடா ஆஷை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி நிறத்துக்கு வருவோம். சாயம் பருத்தியோடு வினைபுரிவது போலவே தண்ணீரோடும் வினைபுரியும். தண்ணீரோடு சேர்ந்துவிட்ட சாயம் அப்புறம் எந்தத் துணியோடும் சேராது, செத்த சாயம். கறுப்பில் 100 கிலோ துணிக்கு ஐந்தாறு கிலோ சாயம் போட்டால், கால் பங்குக்குக் குறையாமல் இப்படி வீணாவது உண்டு. அதைக் கொதிக்கக் கொதிக்க சோப்பிங் போட்டு வெளியே எடுக்காவிட்டால், வாங்கியவர் வீட்டு வாளியில் வெளியே வரும். உங்கள் படத்தில் இருந்த சிவப்பு இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ரியாக்டிவ் சாயம் லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குப் பட்டுவிடும். உப்பு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் இருந்தாலும் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். புகைப்படக்காரர் வந்து நின்றாலும் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

நிறத்தை எடுப்பது கஷ்டமும் இல்லை. அந்தக் காலத்தில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்கி விடுவோம். சாயத்தில் பெரும்பகுதி சேறாக அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்க்க வந்தவர்கள் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். போட்ட சுண்ணாம்பிலும் சல்பேட்டிலும் ஒரு பங்கு கரைந்தே நிற்பதால், உப்பு உள்ளே போனதைவிடச் சற்றுக் கூடித்தான் வெளியே வரும். குளோரின் போட்டால் சாய மூலக்கூறு உடைந்து நிறம் போகும், உப்பு அப்படியே இருக்கும். இப்படித் தெளிய வைத்த தண்ணீர்தான் வருடக்கணக்கில் ஆற்றுக்குப் போனது.

போன இடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்னிமலைக்கு அருகே 1992ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது. அது சாயக்கழிவுத் தேக்கமாக மாறி, தண்ணீரைத் தேக்கவே கூடாது என்று மதகைத் திறந்து வைக்கும் நிலைமை வந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அணைக்குக் கீழே ஒரு ஊரில். மாமா மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தவர். "மாப்ளே, தண்ணி பார்க்க நல்லாத்தான் இருக்குது, பாய்ச்சினா மண்ணு கல்லாட்டம் ஆயிப்போகுது" என்பார். அவர் சொன்னதில் வேதியியல் முழுசாக இருக்கிறது. களிமண் துகள்களைப் பிடித்துவைத்திருப்பது கால்சியம். சோடியம் அதிகமாக வந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகள் அடைபட்டு, மேலே ஏடு கட்டும். தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் போடச் சொல்வது திரும்பவும் கால்சியம் கொடுப்பதற்காகத்தான். ஆனால் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்தால் எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டாலும் நிற்காது. மாமா மஞ்சளை விட்டுத் தென்னைக்குப் போனார்.

நிறம் கெடுதல் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடர்ந்த நிறம் தண்ணீருக்குள் வெயிலை விடாது. டர்காய்ஸ் நீலத்தில் செம்பு இருக்கிறது. ஆசோ சாயங்களில் சில, உடையும்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களைத் தருகிறவை. அவற்றை 1990களின் நடுவில் ஜெர்மனி தடுத்தபோது, எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பட்டறை பட்டறையாக டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். இந்தியாவும் 1997ல் தடை போட்டது. வெளிநாட்டுக்காரர் கேட்டால்தான் நமக்குச் சுறுசுறுப்பு வரும் என்பது வேறு கதை. இயற்கைச் சாயத்துக்குத் திரும்பலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய் எல்லாம் அருமையான பொருட்கள்தான். ஆனால் திருப்பூரில் ஒரு நாள் ஓடும் துணிக்கு வேண்டிய இலையும் வேரும் விளைய எத்தனை நிலம் வேண்டும் என்று யோசித்துவிட்டுப் பேசலாம்.

2011 ஜனவரியில், நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை நின்றன. எனக்கும் வேலை இல்லை. இருந்தாலும் அந்த உத்தரவு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வில் தண்ணீரில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். மிஞ்சும் கடும் உப்புநீரை ஆவியாக்கி உப்பை எடுக்க வேண்டும், செலவெல்லாம் அங்கேதான்.

இங்கே ஒரு விஷயம், இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சாயத்துக்கு இரண்டு விதமான உப்பு போடலாம். ஒன்று சாதாரண உப்பு, சோடியம் குளோரைடு. இன்னொன்று கிளாபர் சால்ட், அதாவது சோடியம் சல்பேட். கிளாபர் சால்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. 32 டிகிரித் தண்ணீரில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவு கரையும். அதே தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுபோனால் 5 கிராம் போலத்தான் கரைந்து நிற்கும். ஆக, செறிவான கழிவுநீரைக் குளிர வைத்தாலே படிகமாக விழும், வடித்து எடுத்து மறுபடி சாயத்துக்கே போடலாம். சாதாரண உப்போ 0 டிகிரியிலும் 100 கிராமுக்கு 36 கிராம் போலக் கரையும், வெயில் காலத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். குளிர வைத்து அதைப் பிரிக்க முடியாது. இரண்டும் கலந்து வந்தால் கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. அதைச் சாயத்துக்கும் போட முடியாது, வெளியே கொட்டவும் கூடாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கிவைக்கிறார்கள். ஷெட் ஒழுகினால் மழையில் கரைந்து மறுபடி ஆற்றுக்கே போகும்.

சாதாரண உப்பு விலை மலிவு என்று சிலர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதில் சாயக்காரருக்கும் லாபம் இல்லை. சாதாரண உப்பில் கால்சியம், மெக்னீசியம் இருந்தால் சாயத்தில் திட்டு விழும், குளோரைடு ஸ்டெயின்லெஸ் மெஷினையே அரிக்கும். ஒரு பொது நிலையத்தில் சேர்ந்திருக்கும் ஆலைகள் எல்லாம் ஒரே வகை உப்பைத்தான் போட வேண்டும் என்று கட்டாயமாக்கி, கொள்முதல் பில்லை வாரியம் மாதாமாதம் கேட்டாலே கலப்பு உப்பு மூட்டைகள் பாதிக்கு மேல் குறையும் என்பது என் அனுபவக் கணிப்பு. கோல்டு பேட் பேட்ச் முறையில் உப்பே இல்லாமல் சாயம் போடலாம். துணியைச் சாயத்திலும் காரத்திலும் பிழிந்து சுருட்டி, ராத்திரி முழுக்க அப்படியே சுழல விட்டால் போதும். பனியன் துணி இழுபடும், ஓரம் சுருளும் என்று பயந்து ஒதுக்கிவிட்டார்கள். இன்றைய மெஷின்களில் அந்தப் பயத்துக்குப் பழைய அளவு காரணம் இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. ஆர்.ஓ. மெஷின் மாட்ட வீட்டுக்கு வருகிறவர் பையில் வைத்திருப்பாரே, அதே தான். அடுத்த முறை உங்கள் செய்தியாளர் நொய்யலுக்குப் போகும்போது அதைக் கொண்டுபோகட்டும். திருப்பூருக்கு மேலே மங்கலத்தில் ஒரு தடவை, கீழே காசிபாளையத்தில் ஒரு தடவை, அப்புறம் ஒரத்துப்பாளையத்தில் ஒரு தடவை. நல்ல தண்ணீரில் மீட்டரை அலசிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் பிடித்து, எண் நிலையாக நின்ற பிறகு குறித்துக்கொள்ளலாம். தண்ணீர் செந்நிறமாக இருந்தாலும் சரி, தெளிந்திருந்தாலும் சரி, படத்தின் கீழே அந்த மூன்று எண்களையும் நேரத்தையும் ஒரு வரியில் போடுங்கள். மீட்டர் காட்டுவது மொத்த உப்பை மட்டும்தான். சாய ஆலையிலிருந்து வந்ததா, ஊர்ச் சாக்கடையிலிருந்து வந்ததா என்று அது சொல்லாது, அதற்கு வாரியத்தின் லேப் இருக்கிறது. மழைக்கு மறுநாள் எடுத்த அளவு என்றால் அதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், மழைத்தண்ணீர் கலந்து எண் இறங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டையிங் மாஸ்டர்,
அவிநாசி.