டயருக்காக வந்த பெட்ரோல் ரேஷன்

அன்புள்ள மூர்த்தி,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு உடம்பு தேவலை என்று படித்ததும் நிம்மதி.

அமெரிக்காவில்தான் எண்ணெய் கொட்டிக் கிடந்ததே, ஜப்பானோடு போர் வந்ததும் பெட்ரோலுக்கு ஏன் ரேஷன் என்று கேட்டிருந்தாய். பஞ்சம் டயருக்கு. கிழக்குக் கரை மாநிலங்களில் 1942 மே மாதமே ரேஷன் வந்ததற்கு, ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தது காரணம். டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க ரேஷன், டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்தில் இருந்தவருக்கும் கூப்பன்தான். வண்டி ஓடாவிட்டால் டயர் தேயாது, அதுதான் கணக்கு. அவசர வேலைக்கென்று இல்லாத சாதாரண வண்டிக்கு ஒட்டிய 'ஏ' ஸ்டிக்கருக்கு வாரம் 4 கேலன், பிறகு 3. வேகம் மணிக்கு 35 மைல். வண்டிக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

அவர்களுடைய ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூறு தென்கிழக்காசியாவிலிருந்து போனது. 1942 மார்ச்சுக்குள் மலாயாவும் ஜாவாவும் ஜப்பான் கையில். ஜூனில் பவுண்டுக்கு ஒரு சென்ட் கொடுத்துப் பழைய ரப்பர் திரட்டினார்கள். சுமார் நாலரை லட்சம் டன் சேர்ந்தது. ஆனால் ஒருமுறை கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பரை மீட்டெடுத்தால் பழைய வலு வராது.

செயற்கை ரப்பர்தான் கைகொடுத்தது. 75 பங்கு பியூட்டடையீன், 25 பங்கு ஸ்டைரீன் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சோப்புத் தண்ணீரில் 50 டிகிரி சூட்டில் கலக்குவார்கள். முக்கால் பங்கு இணைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலே விட்டால் சங்கிலிகள் குறுக்கே பின்னி இறுகி, உருளையில் போட்டால் மசியாது. கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் சேர்க்காவிட்டால் இழுத்தவுடன் அறுந்துபோகும். வேகவைக்கும் முன் பசைப்பிடிப்பும் குறைவு, அதனால் டயர் கட்டும்போது அடுக்குகள் சரியாக ஒட்டாது. காருக்குச் சமாளித்தது, பாரம் ஏற்றிய லாரி டயர் உள்ளே சூடேறிப் பிய்ந்தது. அதற்கு இயற்கை ரப்பர் இல்லாமல் முடியவில்லை.

அந்த இயற்கை ரப்பருக்கு நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இடம் இலங்கை. வழக்கமாகப் பட்டையை மெல்லச் சீவி, மரத்துக்கு ஓய்வு கொடுத்துத்தான் பால் வெட்டுவார்கள். போரில் மரம் பிழைக்குமா என்று பார்க்காமல் பல இடத்தில் வெட்டிப் பாலை வடித்தார்கள். மலாயாவில் நேர் எதிர்: ரப்பர் வாங்க ஆளில்லை, கூலியில்லை. அங்கிருந்த நம் தமிழ்த் தொழிலாளர்களைத்தான் பல்லாயிரக்கணக்கில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஓட்டிப்போனார்கள். டயர் ரேஷனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அன்புடன்,
சுந்தரம்