அப்பாவுக்கு, மான்ஹைம்ல இருந்து

அப்பா,

போன்ல பேசினா நடுவுல அம்மா வாங்கிடுறாங்க, சாப்டியா தூங்கினியான்னே கால் முடிஞ்சிடுது, அதான் டைப் பண்ணி அனுப்புறேன். பெரியப்பா கேட்டாராமே, காமர்ஸ் எப்படி சொல்லிக் குடுக்குறதுன்னு ஆராய்ச்சி பண்ண ஜெர்மனி வரைக்கும் போகணுமான்னு. நியாயமான கேள்விதான். ஆனா இங்க அது தனி சப்ஜெக்ட்டுப்பா, விர்ட்ஷாஃப்ட்ஸ்பெடகோகிக்னு பேரு, மான்ஹைம், மைன்ஸ், கோட்டிங்கன்னு பல யூனிவர்சிட்டில இதுக்குன்னே ப்ரொஃபசருங்க இருக்காங்க. ஸ்கூல் முடிச்ச நிறைய பசங்க காலேஜ் பக்கம் போறதில்ல, ஒரு கம்பெனில கையெழுத்து போட்டு சம்பளம் வாங்கிட்டே தொழில் கத்துக்குறாங்க, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் தொழில் ஸ்கூல். அங்க அக்கவுண்ட்ஸ் எடுக்குற டீச்சர உருவாக்குறது யூனிவர்சிட்டி வேலை, அதுல இருந்து வந்ததுதான் எங்க பொழப்பு.

போன மாசம் ஒரு ஸ்கூலுக்கு டேட்டா எடுக்கப் போனேன் (பர்மிஷன் ஃபார்ம் வாங்கி முடிக்குறதுக்குள்ள உசிரு போயிடும், அது தனி கதை). ஒரு பொண்ணு, கம்பெனில பர்ச்சேஸ் செக்‌ஷன்ல தினமும் பில் என்ட்ரி போடுறவ. 1000 யூரோ சரக்கு, 19% வாட் 190, மொத்தம் 1190. அவ 1190ஐயும் அப்படியே செலவுல எழுதிட்டா. மனசுல ஓடுறத வாய்விட்டு சொல்லிட்டே போடச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுவோம், அதுல சொல்றா, "வரின்னா போன காசுதானே". அந்த 190 டாக்ஸ் ஆபீஸ் நமக்குத் தர வேண்டிய பாக்கி, நம்மூர் ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டேதான், அது அவளுக்குத் தோணவே இல்ல. கம்பெனில சாஃப்ட்வேரே பிரிச்சுப் போட்டுடுது, அதனால இத்தனை நாளா யாருக்கும் தெரியல. பேப்பர் திருத்துறவங்க சிவப்புல அடிச்சிட்டுப் போயிடுவாங்க, நாங்க அந்த தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு நோண்டுறோம், அவ்ளோதான் ஆராய்ச்சி.

அப்புறம் நீங்க எப்பவும் கேக்குறது, பர்மனென்ட் ஆயிடுச்சான்னு. இல்லப்பா. 2007ல ஒரு சட்டம் வந்துச்சு, பிஹெச்டிக்கு முன்னாடி 6 வருஷம், பின்னாடி 6 வருஷம், பொதுவா அதுவரைக்கும்தான் டெம்பரரி காண்ட்ராக்ட்ல வச்சுக்கலாம். ப்ராஜெக்ட் காசு கிடைச்சா கொஞ்சம் இழுக்கலாம். அதுக்குள்ள ப்ரொஃபசர் ஆகணும், இல்ல வெளிய போகணும், நடுவுல நிரந்தர போஸ்ட்டு ரொம்பக் கம்மி. இத விளக்கி கல்வி மினிஸ்ட்ரி போட்ட வீடியோல, டெம்பரரி காண்ட்ராக்ட்ல இருக்குற ஆராய்ச்சிப் பொண்ணா ஹன்னான்னு ஒரு கேரக்டர், எங்கள மாதிரியே, 2021ல ஆராய்ச்சிப் பசங்க எல்லாம் "நான்தான் ஹன்னா"ன்னு ட்விட்டர்ல பொங்கிட்டாங்க. என்கூட இருந்தவங்க சிலர் பேசாம தொழில் ஸ்கூல் டீச்சராவே போயிட்டாங்க, அரசாங்க உத்தியோகம், நிம்மதியா இருக்காங்க. எனக்கு இன்னும் ஆசை விடல. ப்ரொஃபசர் போஸ்ட் கிடைச்சாலும் இருக்குற யூனிவர்சிட்டியிலேயே குடுக்குறது அபூர்வம், வேற ஊருக்கு மூட்டை கட்டணும், அதனால வீட்டு லோன் பேச்சு இப்ப வேணாம்.

ஒரு உதவி. பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் ஒன் காமர்ஸ்தானே, அவன்கிட்ட இதே கணக்கக் குடுங்க, இன்புட் கிரெடிட் உண்டுன்னு மட்டும் சொல்லிட்டு வாயத் திறக்காம உட்காருங்க (உங்களால முடியுமான்னு சந்தேகம்தான்). எழுதுனத போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க. இட்லிப்பொடி பார்சல் இன்னும் வரலன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.