அது டான்ஸ் இல்லை, பாப்பா

பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். உன் பொண்ணு குட்டி, ஒரு சர்க்கஸ் சிங்கத்தை வரைந்து வைத்துக்கொண்டு "நெருப்பு வளையத்துல தாண்டினா அதுக்குச் சுடாதா?" என்று கேட்கிறாள், என்னப்பா சொல்லட்டும் என்றாய். எனக்கு உன் ஐந்து வயதுதான் ஞாபகம் வந்தது.

அப்போது நாம் போன சர்க்கஸில் கூடாரத்துக்குப் பின்னால் யானையைக் கட்டியிருந்தார்கள். முன்னங்கால் ஒன்றிலும் பின்னங்கால் ஒன்றிலும் சங்கிலி. உடம்பை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டு, தும்பிக்கையை ஒரே தாளத்தில் வீசிக்கொண்டு நின்றது. "ஏம்ப்பா ஆடுது?" என்றாய். "உன்னைப் பார்த்த சந்தோஷத்துல டான்ஸ் ஆடுதுடா" என்றேன். நீயும் கூடவே ஆட, நான் போட்டோ வேறு எடுத்தேன்.

அது டான்ஸ் இல்லை என்று எனக்குத் தெரியவே பல வருடம் ஆனது. காட்டில் தாயோடும் சித்தி பெரியம்மாவோடும் நடந்து நடந்து, ஒரு நாளில் பாதிக்கு மேல் மேய்ச்சலிலேயே கழிக்கிற பிராணி அது. இரண்டடி நகர முடியாமல், செய்ய ஒன்றுமே இல்லாமல் நாள் முழுக்க நின்றால் இப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்துவிடும். கூண்டுப் புலி ஒரே கோட்டில் போய்வருவதும் இதேதான்.

குட்டியிடம் எடுத்த எடுப்பில் சாட்டை, அங்குசம் என்று ஆரம்பிக்காதே, ராத்திரி தூங்கமாட்டாள். கேள்வியை அவளிடமே திருப்பிக் கொடு. நெருப்பைப் பார்த்தால் சிங்கம் கிட்டப் போகுமா, ஒதுங்கிப் போகுமா? ஒதுங்கிப் போகும் என்றால், அப்புறம் ஏன் தாண்டுகிறது? யாரோ தாண்ட வைக்கிறார்கள் என்பதை அவளே பிடித்துவிடுவாள். அதற்குமேல் எப்படி என்று கேட்டால் மறைக்காதே, அடியும் பயமும் கலந்துதான் பழக்குவார்கள் என்று சொல்லிவிடு. பழக்குகிறவனை மட்டும் அரக்கனாக்கிவிடாதே. அந்த மிருகத்தின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய ஆட்களும் உண்டு, ஆனாலும் சங்கிலி சங்கிலிதான்.

ஒரு நல்ல கதையும் இருக்கிறது. டென்மார்க் அரசாங்கம் 2019இல் அந்த நாட்டு சர்க்கஸ்களில் மிச்சமிருந்த நாலு யானைகளையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. அதில் ராம்போலின் என்ற யானைக்கு அலி என்று ஒரு ஒட்டகம் சிநேகம். அதையும் சேர்த்தே வாங்கினார்கள்! இதைச் சொன்னால் குட்டி விடமாட்டாள், நாலு தடவை சொல்லச் சொல்வாள்.

மிருகம் இல்லாமல் என்ன சர்க்கஸ் என்று உன் மாமியார் கேட்டாரே, அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸ் 2016இல் யானைகளை நிறுத்தி, 2017இல் கடையையே மூடி, 2023இல் ஒரு மிருகம்கூட இல்லாமல் மறுபடி வந்துவிட்டது. ஜெர்மனியில் ரொன்காலி சர்க்கஸ் யானையை வெறும் ஒளியாலேயே மேடையில் நிறுத்திக் காட்டியது.

சரி, அந்தச் சிங்கப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு. வளையத்தை எவ்வளவு பெரிதாக வரைந்திருக்கிறாள் என்று பார்க்கணும்.

அப்பா