பழைய இரும்பு வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுவின் நேரம் பெரும்பாலும் பழைய இரும்பில் கதிரியக்கப் பொருள் கலந்து வருகிறதா என்ற சோதனைக்கே போனது.

உருக்காலை வாசலிலேயே கருவி இருக்க, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். லோடு ஆலைக்குப் போகுமுன் பிரிப்பதும் வெட்டுவதும் நம் கிடங்கில்தானே! டெல்லி மாயாபுரியில் 2010இல் அப்படித்தான் ஆனது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி பிப்ரவரியில் ஏலம் போனது. கிடங்கில் கூட்டைப் பிரித்ததும் உள்ளிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் குச்சிகள் வெளியே வந்தன. ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார்.

கனத்தைக் கண்டால் ஈய விலையைக் கணக்குப் போடுவது நம் தொழில் புத்தி. ஆனால் அந்த ஈயம் உள்ளே இருக்கும் பொருளின் கதிரைத் தடுக்கத்தான் வார்க்கப்பட்டிருக்கும். உருவத்துக்கு மீறிய கனமுள்ள பெட்டி, மூன்று இதழ் கதிரியக்க முத்திரையுள்ள உருளை, ஆலைத் தொட்டிகளின் மட்டத்தைக் கதிரால் பார்க்கும் கருவி, வெல்டிங்கைக் கதிரால் படமெடுக்கும் கேமரா ஆகியவற்றில் கேஸ் கட்டர் வைக்கவே கூடாது.

கதிரை அளக்கும் சர்வே மீட்டரைப் பயன்படுத்தும்போது முதலில் லோடிலிருந்து தள்ளி நின்று இயல்பளவை, அதாவது அந்த இடத்தில் எப்போதும் இருக்கும் கதிர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு லாரியின் நான்கு பக்கமும் பலகையை ஒட்டி, மெதுவாக நடக்க வேண்டும். அவசர நடையில் முள் அசையாது. நடுவில் புதைந்த பொருளின் கதிரைச் சுற்றியுள்ள இரும்பே தடுத்துவிடும். ஆகவே இறக்கிப் பரப்பிய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். தீச்செங்கல், எண்ணெய்க் குழாயின் உள்படிவு போன்றவற்றுக்கும் முள் ஏறும். அதைச் சாக்காக வைத்து அலட்சியம் செய்யக் கூடாது.

இயல்பளவின் இரு மடங்கைத் தாண்டினால் எதையும் தொடாமல் ஆட்களை விலக்குங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் கால்பங்காகும். லாரியைத் திருப்பி அனுப்பாதீர்கள், பொருள் வழியில் எங்காவது கொட்டப்படும். காவல்துறைக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

உலைக்குள் போனபின் மீட்பே இல்லை. கோபால்ட் எஃகில் கலந்துவிடும். மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் 1983இல் அப்படிக் கலந்தது கட்டடக் கம்பியாக வீடுகளுக்குள் போனது. மறு ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தின் கதிர் காட்டும் கருவி ஒரு கம்பி லாரிக்கு ஒலித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் வேறு விதம். ஆவியாகிப் புகைத்தூசியில் தங்கும். 1998இல் ஸ்பெயினில் ஒரு எஃகு ஆலையில் அதுதான் நடந்தது.

மீட்டரை ஆண்டுதோறும் அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் சோதனை நின்றுபோகிறது. இரண்டாவது மீட்டர் வாங்கும் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக உள்ளது.