பூங்கா ஆங்கிலேயர் தந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் கோலாலம்பூர் ஏரிப் பூங்கா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி: “பூங்கா அமைத்து ரசிக்கும் பழக்கத்தை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்களே.” அதற்குப் பிறகு மிச்சக் கட்டுரை எனக்கு ஓடவே இல்லை.

ஆங்கிலேயர் பினாங்கில் கால் வைத்தது 1786-இல். அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு முன்பே, 1638-இல், அறிஞர் நூருதீன் அல்-ரானிரி சுமத்ராவின் ஆச்சே அரசவையில் இருந்துகொண்டு மலாய் மொழியில் ‘புஸ்தானுஸ் சலாத்தின்’ என்ற நூலை எழுதத் தொடங்கிவிட்டார். சுல்தான் இஸ்கந்தர் தானியின் ‘தாமான் கைரா’ என்ற பூங்காவை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். தாமான் என்றால் மலாயில் பூங்காதான். நடுவே தாருல் இஷ்கி ஆறு ஓடுவதையும், என்னென்ன பூச்செடி, என்னென்ன பழமரம் நட்டார்கள் என்பதையும் பெயர் பெயராகச் சொல்கிறார். பழைய மலாய்க் கதைகளில் அரண்மனை என்று வந்தால் பக்கத்திலேயே அரசகுலப் பெண்கள் உலவும் தாமான் ஒன்றும் வந்துவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

மகளோடு பண்டா ஆச்சே போனபோது அந்தப் பூங்காவில் மிஞ்சி நிற்கும் குனோங்கானைப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கட்டுக்குன்று. பூவிதழ் விரிந்தாற்போல அடுக்கடுக்காக மேலே போகிறது. வாசல் அவ்வளவு சின்னது. என் உயரத்துக்கே நன்றாகக் குனிந்துதான் நுழைந்தேன். பகாங்கிலிருந்து வந்த அரசி ஊர் மலைகளை நினைத்து ஏங்கியதால், தானிக்கு முன் ஆண்ட சுல்தான் இஸ்கந்தர் மூடா இதைக் கட்டிக்கொடுத்தார் என்று அங்கே சொல்கிறார்கள். பகாங் நம் நாட்டு மாநிலம் ஐயா! நம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் ஏக்கத்துக்காகக் கட்டியது என்று கடல் தாண்டியும் பேசுகிறார்கள். நம் இதழில் அதற்கு ஒரு வரி இடமில்லை. ஜாவாவில் ஜோக்ஜகார்த்தா சுல்தான் 1758-இல் தொடங்கிய தாமான் சாரியும் இருக்கிறது. அதுவும் உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

ஏரிப் பூங்காவை 1888-இல் தொடங்கிவைத்தவர் ஆல்ஃப்ரட் வென்னிங் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அந்த ஏரிக்கு ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாம் மனைவியின் பெயரை வைத்ததுவரை எழுதியிருக்கிறீர்கள். காடு வெட்டியவர்கள், மண் சுமந்தவர்கள் பற்றி ஒரு சொல்லாவது உண்டா? என் அப்பா தைப்பிங் ஏரிப் பூங்காவில் புல்வெட்டும் வேலை பார்த்தவர். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகள்தான் அங்கே ஏரிகளாயின என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களைப் படம் எடுக்காதவர் இல்லை. அந்த மரத்தின் இலை எவ்வளவு பொடிசு, மழை பெய்த மறுநாள் காலையில் அது தாரோடு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது துடைப்பம் பிடித்தவர்களுக்குத் தெரியும். அப்பாவின் உள்ளங்கை கடைசிவரை காய்த்தே இருந்தது. பூங்கா வரலாறு என்று யார் எழுதினாலும் அந்தக் கைகள் அதில் வருவதில்லை. இதை முன்பும் உங்களுக்கு எழுதினேன். இடப்பற்றாக்குறை என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வெளியிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் சிறப்பிதழ் போடுகிறீர்கள். அந்த மலையின் அருவி பாய்கிற, 1884-இல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவைப் பற்றி எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள்? ஊர்க்காரர்கள் மலாயில் ‘கெபுன் புங்கா’, அதாவது பூந்தோட்டம், என்று பாசமாகச் சொல்லும் இடம். காவடி பார்க்கப் போகிற பாதி சனம் அங்கேதான் பிள்ளைகளோடு உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறது.

அப்புறம், இப்போது நாங்கள் இருக்கிற தாமான். இங்கே வீடமைப்புப் பகுதிக்கும் தாமான் என்றுதான் பெயர். என் கணவர் குடும்பம் ரப்பர் தோட்டத்தில் இருந்தது. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் மாமியார் முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று வைத்திருந்தார். தோட்டத்தை விற்றார்கள், ரப்பருக்குப் பின் வந்த செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது, எல்லாரும் தாமானுக்கு வந்தோம். வீடமைப்பில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளிக்கு என்பது நாட்டில் உள்ள வழிமுறை. எங்களுக்குக் காட்டிய வரைபடத்திலும் சிறுவர் பூங்கா பச்சையாகத்தான் இருந்தது. இன்று அந்த இடத்தில் பாதி கார் நிறுத்துமிடம், மீதி பெரிய கால்வாய். ஊஞ்சல் மாட்டிய இரும்புக் கால்கள் இரண்டு மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. மேம்பாட்டு நிறுவனத்தைக் கேட்டால் நகராண்மைக் கழகம் என்கிறது. கழகத்தைக் கேட்டால் நிறுவனம் என்கிறது. பேரப்பிள்ளைகள் வீட்டு வாசலில், வண்டிகளுக்கு நடுவே பந்து விளையாடுகிறார்கள்.

அரசன் ஆற்றை நடுவில் ஓடவிட்டுப் பூமரம் வைத்த இடத்துக்குத் தாமான் என்று பெயர். ஒரு மரம்கூட இல்லாத இணைப்பு வீட்டு வரிசைக்கும் இன்று அதே பெயர். இதைப் பார்க்கிறவர்களிடம் போய், பூங்கா என்பதே வெள்ளைக்காரன் கொடுத்தது என்று உங்களைப் போன்ற இதழும் சொன்னால், எங்களுக்கும் ஒரு பூங்கா வேண்டும் என்று கேட்கிற வாயை அடைப்பது போல இருக்கிறது. பிச்சையாகக் கிடைத்ததைத் திரும்பக் கேட்க யாருக்கு உரிமை இருக்கும்?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். குனோங்கான் படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்; என் மகள் எடுத்தது, கட்டணம் வேண்டாம். இடம் இருந்தால் படத்தின் கீழே ‘தாமான் கைரா, ஆச்சே, 17-ஆம் நூற்றாண்டு’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தைப்பிங்