விஜிக்கு: கப்பலில் டிப்ஸ் கொடுப்பது பற்றி

செம்பூர், மும்பை

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இரண்டு பேரும் பார்சிலோனா போய்க் கப்பல் ஏறப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கே டிக்கெட் கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் விடாமல் கொட்டுகிறது. மாட்டுங்காவுக்குப் போய் வாழை இலையும் பூவும் வாங்கி வாரக்கணக்கில் ஆகிறது. பேத்தி இப்போது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். உன் கடிதத்தின் உறையையும் அவள்தான் படித்துக் கொடுத்தாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கப்பல் ஊழியர்களுக்கு டிப்ஸை டாலராகக் கொடுப்பதா, யூரோவாகவா, "நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்களே, ரூபாயாகவே கொடுத்தால் என்ன" என்று கேட்டிருக்கிறாய். வாங்குகிறவர்களுக்கு எது உபயோகப்படும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் விஜி. ரூபாய் வேண்டாம்.

எங்கள் மாடி வீட்டுப் பையன் பெரிய கப்பல் ஒன்றில் கேபின் ஸ்டூவர்ட், அதாவது பயணிகளின் அறையைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்கிறவன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். இந்தியப் பயணிகள் பிரியமாகக் கொடுத்த 500 ரூபாய் நோட்டுகள் ஒரு கவரில் அவன் பெட்டியில் இருந்தன. இங்கே அவன் அம்மா தவியாய்த் தவித்தாள். பேங்குகளில் டிசம்பர் 30-ஓடு கதவைச் சாத்திவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் ரிசர்வ் வங்கியில் 2017 மார்ச் 31 வரை அவகாசம் தந்ததால் பிழைத்தான். பிப்ரவரியில் ஊர் வந்து, பாஸ்போர்ட்டும் கையுமாக இங்கே ஃபோர்ட்டில் இருக்கும் ரிசர்வ் வங்கி வரிசையில் நின்று மாற்றினான். அது எப்போதோ நடந்த கூத்துதான். ஆனால் சாதாரண நாளிலும் அந்த ரூபாயை அவன் கப்பலிலோ இறங்குகிற துறைமுகத்திலோ செலவழிக்க முடியாது. ஆறிலிருந்து ஒன்பது மாதம் கான்ட்ராக்ட் முடிகிறவரை பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியதுதான். உங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ இந்தோனேஷியாக்காரராகவோ இருந்துவிட்டால் ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பாவம்!

முதலில் உங்கள் கப்பல் கணக்கு, அதாவது கப்பலில் நீங்கள் செய்யும் செலவையெல்லாம் எழுதிவைக்கும் கணக்கு, எந்தக் கரன்சி என்று பார். அமெரிக்கக் கம்பெனிகள் ஐரோப்பாவில் ஓடினாலும் பெரும்பாலும் டாலர்தான். இத்தாலியக் கம்பெனி என்றால் மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் யூரோ. இரண்டில் எதுவானாலும் ஊழியர்களுக்குச் செல்லும். எனக்குக் கேட்டால் டாலர் என்பேன். டாலரில் ஒன்று, ஐந்து என்று சின்ன நோட்டு உண்டு. யூரோவில் ஐந்துக்குக் கீழே எல்லாம் நாணயம். நாணயத்தை மணி சேஞ்சர்கள் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். இத்தாலியில் இறங்கி ஒரு காபி குடிக்கலாம், அவ்வளவுதான். அதற்கும் அன்றைக்கு அவர்களுக்கு வெளியே போக நேரம் கிடைக்க வேண்டும். கடைசி நாளில் பர்ஸில் மிஞ்சிய சில்லறையை மேஜைமேல் வைத்துவிட்டு வருகிறார்களே, அதைக் கேட்டாலே எனக்கு மனசு வலிக்கும்.

நோட்டு சுத்தமாக இருக்கட்டும். கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது, மடித்து மடித்துக் கோடு விழுந்தது இதையெல்லாம் இந்தோனேஷியா பக்கம் மாற்றப் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். சென்னையில் வாங்கும்போதே சின்ன நோட்டாகக் கேள். கேட்காவிட்டால் நூறு நூறாகத்தான் நீட்டுவார்கள்.

அப்புறம் ஒன்று. பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் என்று அவர்களே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு பேருக்கு ஏழு ராத்திரி என்றால் 250 டாலர் பக்கம் வரும். அதைப் பார்த்ததும் உன் வீட்டுக்காரர் கவுன்டரில் போய் எடுத்துவிடச் சொல்வார், "நாமே கையில் கொடுத்துக்கொள்ளலாம்" என்பார். விடாதே. அந்தப் பணம் துணி துவைக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று நம் கண்ணில் படாதவர்களுக்கும் பங்காகப் போகிறது. சில கம்பெனிகளில் நீ அதை எடுத்துவிட்டால், கையில் கொடுத்ததையும் ஸ்டூவர்ட் எல்லோருக்கும் பங்கு போடும் பொதுப் பணத்தில் சேர்த்துவிட வேண்டியிருக்கும். அது அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் உன் ஆசைக்கு அறைப் பையனுக்கு ஒரு 20 டாலர், சாப்பாட்டு மேஜையில் பரிமாறுகிறவருக்கு 10 என்று கவரில் போட்டு, பெயர் கேட்டு, கையில் கொடு. முதல் நாளே கொஞ்சம் கொடுத்தாலும் தப்பில்லை.

கப்பல் பெயரை எழுது. மாடி வீட்டுப் பையன் இந்த மாதம் லீவில் வந்திருக்கிறான். அதில் எந்தக் கரன்சி என்று கேட்டுச் சொல்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

அன்புடன்,
பத்மா